காலாப்பட்டில் சூழலியல் எம்.எஸ்சி.: புதிதாக வருகிறவர்களுக்கு

பி.எஸ்சி. தாவரவியலோ விலங்கியலோ வேதியியலோ முடித்துவிட்டு, அடுத்தது சுற்றுச்சூழல் படிக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்திலேயே, காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. எப்படிச் சேர்வது, சேர்ந்த பிறகு இரண்டு வருடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வரிசையாகச் சொல்கிறேன். சேர்வதைப் பற்றிக் கொஞ்சமாகவும், படிப்பதைப் பற்றி அதிகமாகவும் சொல்லப்போகிறேன். பலர் இடம் கிடைத்ததும் பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள், அதனால்தான்.

எது உங்கள் படிப்பு?

ஊசுட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் ஊசிவால் வாத்துகள் அங்கே ஏன் வருகின்றன, எதைத் தின்கின்றன, ஏரியில் தண்ணீர் குறைந்தால் எங்கே போகின்றன என்று கேட்பது சூழலியல். ஏரித் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு, அது சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது சுற்றுச்சூழல் அறிவியல். ஏரிக்கு வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையம் கட்டுவது சுற்றுச்சூழல் பொறியியல், அது எம்.டெக். வழி. காலாப்பட்டுப் படிப்பில் முதல் இரண்டும் சேர்ந்தே வரும். இரண்டில் எது தன்னை இழுக்கிறது என்று முதல் வருடம் முடிவதற்குள் தெரிந்துகொண்டால் நல்லது.

கடலும் கழிமுகமும்தான் உங்கள் ஆசை என்றால், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. காட்டுயிர் மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் காட்டுயிர் உயிரியல் படிப்பையும் பார்க்கலாம். மூன்றுமே இங்கிருந்து பஸ் தூரம். விண்ணப்பிக்கும் முன் மூன்று இடத்துக்கும் ஒருமுறை நேரில் போய், அங்கே படிக்கிற சீனியர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். இணையதளத்தில் பாடத்திட்டம்தான் இருக்கும். மாதத்தில் எத்தனை நாள் வெளியே கூட்டிப்போகிறார்கள், ஆய்வகக் கருவியை மாணவர்கள் தொட விடுவார்களா என்பதெல்லாம் சீனியர்களுக்குத்தான் தெரியும்.

இடம் பிடிப்பது

புதுவை மத்தியப் பல்கலைக்கழகம், 1985-இல் தொடங்கியது. முதுநிலைச் சேர்க்கை தேசியத் தேர்வு முகமை நடத்தும் கியூட் பி.ஜி. தேர்வு வழியாக நடக்கிறது. தேர்வு எழுதுவது ஒரு வேலை, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்வது இன்னொரு வேலை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இரண்டாவதைச் செய்யாமல் விட்டவர்களுக்கு இடம் கிடைக்காது. கியூட் விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடும், தேர்வு மார்ச் வாக்கில். பி.எஸ்சி. கடைசிப் பருவத் தேர்வு முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால் வண்டி போய்விடும். மூன்றாம் வருடம் தீபாவளி கழிந்ததுமே தேடத் தொடங்குங்கள். எந்தத் தாளை எழுத வேண்டும், இளநிலையில் எத்தனை விழுக்காடு வேண்டும் என்பதை அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடத்துக் குறிப்பை நம்ப வேண்டாம்.

சாதிச் சான்றிதழ் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஓ.பி.சி. பிரிவில் வருகிறவர்களுக்கு மாநிலச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்போடு வாங்க வேண்டும். பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிட்டு, சேர்க்கை நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம்.

தேர்வுக்குப் படிக்க, பிளஸ் டூ தாவரவியலில் சூழ்நிலையியல் பாடங்களை முதலில் தமிழில் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அடுத்து என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் சூழலியல் பகுதியை ஆங்கிலத்தில் படியுங்கள். கருத்து ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலச் சொற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். சட்டங்களின் ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, நீர்ச் சட்டம் 1974, வனப் பாதுகாப்புச் சட்டம் 1980, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, உயிரினப் பன்மைச் சட்டம் 2002. 1984 போபால் விபத்துக்குப் பிறகுதான் 1986 சட்டம் வந்தது என்று காரணத்தோடு சேர்த்துப் படித்தால் வரிசை மறக்காது.

சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதம்

இந்த இடைவெளியைப் பலரும் ஊரில் சும்மா கழித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்து, இந்தப் படிப்பில் திணறுகிறவர்கள் செடி பெயரிலும் பறவைப் பெயரிலும் திணறுவதில்லை, புள்ளியியலில்தான் திணறுகிறார்கள். சராசரி, திட்ட விலக்கம், தொடர்புக்கெழு ஆகிய மூன்றையும் பத்து எண்களை வைத்துக் கையால் போட்டுப் பழகுங்கள். அப்புறம் ஆர் என்ற இலவச மென்பொருளில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கூடவே க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், அதுவும் இலவசம். உங்கள் ஊர் ஏரியின் எல்லையைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்து பரப்பளவைக் கணக்கிடத் தெரிந்துவிட்டால், நல்ல தொடக்கம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண லேப்டாப் போதும். வீட்டில் லேப்டாப் இல்லாதவர்கள் துறையின் கணினியை முதல் வாரத்திலிருந்தே பயன்படுத்துங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்களுக்காக இருப்பதுதான்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆய்வுக் கட்டுரைகளை முதல் வரியிலிருந்து படித்துப் போராட வேண்டாம். முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள். அடுத்து எப்படி அளந்தார்கள் என்ற பகுதி. முன்னுரையைக் கடைசியில் படித்தாலும் போதும். களக் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். வேகமாக எழுதும்போது எந்த மொழியில் சரியாகக் கவனிக்க முடிகிறதோ அதில் எழுதுவதுதான் நல்லது. அறிக்கைக்கு ராத்திரி மாற்றிக்கொள்ளலாம்.

உங்களுக்கென்று ஓர் இடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் பருவத்திலேயே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, இரண்டு வருடமும் அங்கே போய்வாருங்கள். வேலைத் திட்டமோ மதிப்பெண்ணோ இதற்குத் தேவையில்லை. மாதம் ஒரு தடவை, ஒரே பாதை, ஒரே நேரம், ஒரு நோட்டு. சுற்றுலா போல இருபது இடம் பார்த்தவரைவிட, ஒரே குளத்தைப் பன்னிரண்டு மாதமும் பார்த்தவருக்கு அதிகம் தெரியும்.

இந்தப் பக்கம் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. காலாப்பட்டுக்குச் சற்று வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. சோழமண்டலக் கடற்கரை நெடுக இருந்த இந்தக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் உயிர் பிழைத்திருக்கிறது. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில், செம்மண் பொட்டலாகக் கிடந்த மேட்டில் மண் அரிப்பைத் தடுத்து, வரப்பு போட்டு, இதே காட்டு மரங்களைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய காட்டையும் உருவாக்கிய காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு சும்மா கிடைப்பதல்ல.

தண்ணீர் பிடித்தவர்களுக்கு ஊசுட்டேரி, பாகூர் ஏரி, மரக்காணம் பக்கம் கழுவெளி. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கடலூர்க்காரர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம். அது 2022-இல் ராம்சர் இடமானது. தொழிற்சாலை, மாசு, பொதுநலம் என்று யோசிப்பவர்களுக்கு உப்பனாற்றங்கரையில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே 2004 வாக்கில் கிராமத்து மக்களே வாளியைக் கொண்டு காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நெய்வேலியில் நிலக்கரியை எடுக்க, அதன் அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டியிருக்கிறது. ஒரு சுரங்கம் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று படிக்க இதைவிட நேரடியான இடம் இருக்காது.

பிச்சாவரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு காலத்தில் காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்து, தட்டு போல ஆகிவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறியது. அதற்கப்புறம் அங்கே கண்டல் (அலையாத்தி மரம்) விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதாலும் மாடு மேய்த்ததாலும்தான் காடு அழிந்தது என்று வெகுகாலம் பழி சொன்னார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன் முள் மாதிரி கிளைக் கால்வாய்கள் வெட்டி, ஏற்ற இறக்கத் தண்ணீர் போய்வர வழி செய்து, கரையில் கன்று நட்டார்கள். காடு திரும்பியது. சூழலியல் படிக்க வருகிற பலரும் மரம் நடும் ஆசையோடு வருகிறார்கள், நல்ல ஆசைதான். ஆனால் அங்கே ஏன் மரம் இல்லை என்ற கேள்வியை முதலில் கேட்டால்தான் நட்ட மரம் நிற்கும்.

ஒரு பாட்டில் தண்ணீர்

அளப்பது என்றால் என்ன என்று முதல் பருவ ஆய்வகத்தில் கற்றுக்கொள்வீர்கள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளப்பதுதான் அநேகமாக முதல் பாடம். மூடி இறுக்கமாகப் பொருந்தும் 300 மி.லி. கண்ணாடிப் பாட்டிலை ஏரித் தண்ணீருக்குள் சாய்த்து, குமிழி வராமல் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு குமிழி உள்ளே நின்றாலும் காற்றின் ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடும். கரையிலேயே, பிப்பெட் நுனியைத் தண்ணீருக்கு உள்ளே விட்டு, மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு 2 மி.லி. விட்டு, மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். வெள்ளையாகவே இருந்தால் தண்ணீர் மூச்சடைத்துக் கிடக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிடும். ஆய்வகத்துக்கு வந்து 2 மி.லி. அடர் கந்தக அமிலம் விட்டால் படிவு கரைந்து மஞ்சளாகும். அதில் 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள். வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் விடுங்கள், நீலமாகும். நீலம் போகும் சொட்டில் நிறுத்துங்கள். எத்தனை மி.லி. செலவானதோ, கிட்டத்தட்ட அத்தனை மி.கி. ஆக்சிஜன் ஒரு லிட்டரில்.

இதுவரை வேதியியல். சூழலியல் இனிமேல்தான். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. ஆக்சிஜனைத்தான் தாங்கும். பாசி பிடித்த ஒரு குளத்தில் மதியம் இரண்டு மணிக்கு அளந்தால் 10-க்கு மேல்கூட வரலாம்; பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதே குளத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்தால் 2 இருக்கலாம்; ராத்திரி முழுக்க எல்லா உயிரும் மூச்சுவிட்டுத் தீர்த்திருக்கும். மீன் செத்து மிதப்பது அந்த நேரத்தில்தான். மதியம் ஒருதடவை அளந்துவிட்டுக் குளம் ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதிய அறிக்கையில் எண் சரியாகவே இருக்கும், முடிவு தப்பாக இருக்கும். ஆகவே எந்த அளவை எழுதினாலும் பக்கத்தில் நேரத்தையும் ஆழத்தையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். இந்தப் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும்.

கோயில் காட்டில் மரத்தை அளப்பதிலும் இதே கதைதான். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுப்பது வழக்கம். ஆனால் காசா மரம் அடியிலிருந்தே நாலைந்து தண்டாகப் பிரியும், கொடி ஒன்று தண்டைச் சுற்றியிருக்கும், தரை சரிந்திருக்கும். ஒவ்வொரு தண்டையும் தனியாக எண்ணுவதா, கொடிக்கு அடியில் டேப்பை விடுவதா, எந்தச் சுற்றளவுக்கு மேல் கணக்கில் சேர்ப்பது என்பதை உள்ளே போவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். பாதியில் விதியை மாற்றினால் முதல் நாள் அளவும் மூன்றாம் நாள் அளவும் ஒட்டாது. அப்புறம் ஒன்று, அது அய்யனாருடைய காடு. பூசாரியிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றிவிட்டு, ஓர் இலை பறிப்பதானாலும் கேட்டுப் பறியுங்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் நீங்கள் அளக்க அங்கே மரமே இருந்திருக்காது.

பெயர் தெரியாத செடியைப் புதுச்சேரி நகரத்தில் செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிடலாம். 1955-இல் தொடங்கிய நிறுவனம். தென்னிந்தியத் தாவரப் பரவல் வரைபடங்கள் பல அங்கே உருவானவை. துறை ஆசிரியரிடம் கடிதம் வாங்கி, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

களத்துக்கு என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். பென்சில் (மழையில் பேனா அழிந்துவிடும்), கெட்டி அட்டை நோட்டு, டேப், முழுக்கைச் சட்டை, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இருநோக்கிக்குப் பணம் இல்லையென்றால் துறையில் கடன் கேளுங்கள். பறவைக் குறிப்புகளை இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் அனுபவசாலிகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஆண்டு மழை சுமார் 1,300 மி.மீ., அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் களவேலை அடிக்கடி நின்றுபோகும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் என்று புயல்களும் இந்தப் பருவத்தில்தான் வந்தன. திட்டம் போடும்போதே அதற்கு இடம் விட்டு வையுங்கள். மே மாதத்தில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடித்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தை விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். கழிமுகத்திலும் கடலோரத்திலும் மீனவர் சொல்வதைக் கேளுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறவர்கள் அவர்கள்.

ஆய்வேடு

கடைசிப் பருவம் ஆய்வேட்டுக்கு. கேள்வியைச் சின்னதாக வையுங்கள். 'பிச்சாவரத்தின் சூழலியல்' என்பது தலைப்பே இல்லை. 'கால்வாய் ஓரத்திலும் அதிலிருந்து ஐம்பது மீட்டர் உள்ளேயும் வெண்கண்டல் கன்றுகளின் எண்ணிக்கை வேறுபடுகிறதா?' என்பது தலைப்பு. மூன்று மாதத்தில் உங்களால் பதில் சொல்ல முடியும்.

அனுமதியை முதலில் வாங்குங்கள். சரணாலயத்திலும் காப்புக் காட்டிலும் வனத்துறை எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். ஊசுட்டேரியின் ஒரு பகுதி புதுச்சேரியிலும் மறுபகுதி தமிழ்நாட்டிலும் இருப்பதால் இரண்டு அரசின் வனத்துறையையும் கேட்க வேண்டி வரலாம். கோப்பு நகர மாதக்கணக்கு ஆகும். மூன்றாம் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அனுமதிச் சிக்கல் குறைவாகவும் விஷயம் கனமாகவும் உள்ள ஒரு களம் வேண்டுமென்றால், புதுச்சேரிக் கடற்கரை. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கேதான். 1980-களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும் மணல் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் தேங்கியது, வடக்கே நகரக் கடற்கரைக்கு வரவில்லை. கரை அரிக்க, கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக மீனவக் குப்பங்களைத் தொட்டு, பொம்மையார்பாளையம் வரை போனது. மாநில எல்லை தாண்டினாலும் மணலுக்குத் தெரியாது. பழைய செயற்கைக்கோள் படங்களை இலவசமாக இறக்கி, ஒரு குப்பத்தின் கரைக்கோட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரைந்து, அங்குள்ள பெரியவர்களிடம் வலை உலர்த்திய இடம் எதுவரை இருந்தது என்று கேட்டு ஒப்பிட்டாலே நல்ல ஆய்வேடு. படம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் வேறுபட்டால், அதை மறைக்காமல் எழுதுங்கள்; அநேகமாக அங்கேதான் புது விஷயம் இருக்கும்.

படித்த பிறகு

ஆராய்ச்சிக்கும் கல்லூரி வேலைக்கும் நெட் தேர்வு. யு.ஜி.சி. நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக உண்டு, சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் தாளில் சூழலியல் வரும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கேட் தேர்விலும் சூழலியலும் பரிணாமமும் என்று ஒரு தாள் இருக்கிறது.

நேரடியாக வேலைக்குப் போகிறவர்களில் பலர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களுக்கும் நீர், காற்றுப் பரிசோதனை ஆய்வகங்களுக்கும் போகிறார்கள். 2006 அறிவிக்கைப்படி பெரிய திட்டங்களுக்கு இந்த மதிப்பீடு கட்டாயம் என்பதால் வேலை இருந்துகொண்டே இருக்கும். அங்கே உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கும் எண்கள் ஓர் ஊரின் தண்ணீரைப் பற்றியவை. அளக்காத எண்ணை எழுதச் சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் மாதச் சம்பளம் தேவைப்படுகிற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். களநோட்டும் ஆர் கணக்கும் கையில் இருந்தால் வேறு இடம் கிடைக்கும்.

இந்திய வனப்பணி எழுத நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குத் தகுதி பார்ப்பது உங்கள் எம்.எஸ்சி.யை அல்ல, இளநிலைப் பட்டத்தை. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். முதல்நிலைத் தேர்வு குடிமைப் பணித் தேர்வோடு சேர்ந்தே நடக்கும். விண்ணப்பிக்கும்போதே வனப்பணியையும் குறிக்க வேண்டும்.